தலைமைக் கதிரையும் பிள்ளைக்காம்பராவும்

எமது பழைய மாணவிகள் சங்கம் நூறாவது ஆண்டை நிறைவு செய்யும் இவ்வேளையில், பழைய மாணவிகள் எந்தெந்தத் துறைகளில் சென்று சேர்ந்தார்கள் என்று திரும்பிப் பார்ப்பது இயல்பு. ஆசிரியைகள், அதிபர்கள், தாதியர், வைத்தியர்கள், சட்டத்தரணிகள், அரச அலுவலர்கள் என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. அதில் பெருமைப்பட நிறைய இருக்கிறது. ஆனால் பட்டியலில் ஒரு நிரல் மாத்திரம் ஏறத்தாழ வெறுமையாகவே கிடக்கிறது. ஒரு பெரிய கம்பனியின் தலைமைக் கதிரையில் அமர்ந்தவர்கள் என்னும் நிரல் அது.

திறமை இல்லாமையால் அப்படி நேர்ந்தது என்று எம்மில் எவரும் சொல்லமாட்டோம். கணக்கிலும் பேச்சுப் போட்டியிலும் விளையாட்டு மைதானத்திலும் எம்முடன் நின்றவர்களை நாம் அறிவோம். அப்படியானால் காரணம் என்ன? இக்கேள்விக்கு விடை தேட, எமது மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட ஒரு பெண், உலகின் மிகப் பெரிய கம்பனிகளுள் ஒன்றின் தலைமைக்கு எப்படிச் சென்றார் என்பதைப் பார்ப்பது பயன் தரும். சென்னையில் பிறந்து, பெப்சிகோ நிறுவனத்தை 12 ஆண்டுகள் வழிநடத்திய இந்திரா நூயி அவர்களின் வரலாறே அது. அதனை மாத்தளை மண்ணில் நின்று வாசிக்கும்போது, வேறெங்கும் தென்படாத சில விடயங்கள் எமக்குத் தென்படுகின்றன.

கம்பனிகள் வந்த பாதை

மாத்தளை மாவட்டத்துக்குக் கம்பனி என்ற சொல் புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே கோப்பிச் செய்கைக்காக இம்மலைகளின் காடுகள் வெட்டப்பட்டன. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் மன்னார்ப் பக்கத்தில் கரையிறங்கி, காட்டுப் பாதையில் தம்புள்ளை ஊடாக நடந்து மாத்தளையை அடைந்தார்கள். காய்ச்சலுக்கும் பேதிக்கும் பட்டினிக்கும் வழியிலேயே பலியானவர்கள் ஏராளம். உயிரோடு வந்து சேர்ந்தவர்களுக்கு இவ்வூரே மலைநாட்டின் வாசலாக இருந்தது. 1869இல் கோப்பியில் இலைநோய் கண்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி ஏறத்தாழ அழிந்து, தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. கொக்கோவும் இறப்பரும் மிளகும் இம்மாவட்டத்துக்கே உரிய முறையில் அதனோடு கலந்து வளர்ந்தன. 1880இல் ரயில் பாதை மாத்தளையை எட்டியது.

கோப்பிக் காலத்தில் அறுவடைப் பருவத்துக்கு வந்து திரும்பியவர்களுள் பெரும்பாலானோர் ஆண்கள். தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கைகள் தேவைப்பட்டன. ஆகவே குடும்பங்கள் வந்து லயங்களில் நிலைகொண்டன. கொழுந்து பறிப்பது பெண்களின் வேலையாயிற்று. கணக்கப்பிள்ளையும் கங்காணியும் துரையும் ஆண்களாகவே இருந்தார்கள். தோட்டங்களுக்கு உரிமையுடைய கம்பனிகளின் பணிப்பாளர்களுள் பலர் லண்டனில் இருந்தார்கள். அவர்களுடைய முகவர் நிறுவனங்கள் கொழும்பில் இருந்தன. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகள் உருவாக்கப்பட்டன. தோட்டம் எத்தனை முறை கைமாறியபோதும் கூடை சுமந்தவர்கள் மாறவில்லை. ஒரே தோட்டத்தில் வேலை செய்யும் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமான நாட்சம்பளம் 1984இல்தான் கிடைத்தது.

கல்வியின் கதையும் இதனோடு சேர்ந்ததே. 1945இல் நாட்டில் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியே நின்றன. அவற்றை அரசு முழுமையாகப் பொறுப்பேற்கும் வேலை 1970களின் பிற்பகுதியில்தான் வேகம் பெற்றது. நகரப் பாடசாலையில் படித்த எமக்கும், சில மைல் தொலைவில் லயத்தில் பிறந்த எமது வயதுப் பிள்ளைக்கும் இடையே ஒரு தலைமுறை வித்தியாசம் இருந்தது. பெற்றோர் தோட்டத்தில் வேலை செய்ய, முதலாவது பேருந்தைப் பிடித்து வகுப்புக்கு வந்த தோழிகள் எம்மில் பலருக்கு இருந்தார்கள்.

இங்கே ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். தோட்டத்தில் பிள்ளைக்காம்பரா என்று ஒன்று உண்டு. இன்றைய அலுவலக மொழியில் அது சிறுவர் அபிவிருத்தி நிலையம். பெரட்டுக்குப் போகும் தாய், கைக்குழந்தையை ஆயாம்மாவிடம் விட்டுவிட்டு மலைக்கு ஏறுவாள். இடையில் வந்து பாலூட்டிச் செல்வாள். அதன் குறைபாடுகள் பல. இட நெருக்கடியும் போதாத வசதிகளும் நாம் அறியாதவையல்ல. ஆயினும் அதன் அடிப்படைக் கணக்கு சரியானது: பிள்ளையை ஒருவர் பார்த்துக்கொள்ளாவிட்டால் தாய் வேலைக்கு வரமுடியாது. கொழுந்து வேண்டும் என்பதற்காகக் கம்பனிகள் இதனை எப்போதோ விளங்கிக்கொண்டன. ஆனால் அதே கம்பனிகளின் மேல்மாடி அலுவலகங்களில் இந்தக் கணக்கு எழுதப்படவே இல்லை. அங்கே பெண்கள் வருவார்கள் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை.

சென்னை வீட்டுப் பெண்

இந்திரா கிருஷ்ணமூர்த்தி 1955 ஒக்டோபர் 28 அன்று அன்றைய மதராசில் பிறந்தார். தந்தை வங்கி உத்தியோகத்தர். தந்தைவழிப் பாட்டனார் ஓய்வுபெற்ற நீதிபதி. படிப்பில் மிகுந்த கண்டிப்பு உடையவர். அக்கா சந்திரிகா பின்னாளில் மக்கின்சி நிறுவனத்தில் பங்காளராக உயர்ந்து, இசைத் துறையில் 2025இல் கிராமி விருதும் பெற்றவர்.

தாயார் சாந்தா பல்கலைக்கழகம் சென்றவரல்லர். பெண்களுக்கு உரிய வயதில் திருமணம் ஆகிவிட வேண்டும் என்ற பழைய எண்ணத்தில் உறுதியாக இருந்தவர். அதே தாய், இரவுச் சாப்பாட்டுக்குப் பின் மகள்மாருக்கு ஒரு போட்டி வைப்பார். நீ பிரதமரானால் என்ன செய்வாய், முதலமைச்சரானால் என்ன செய்வாய் என்று கேட்டு, இருவரையும் பேசவைத்து, சிறப்பாகப் பேசியவரைத் தெரிவு செய்வார். ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு மறு கையால் தள்ளிவிடும் தாய்மாரை நாமும் அறிவோம்.

இந்திரா படித்தது தியாகராய நகரில் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஹோலி ஏஞ்சல்ஸ் கொன்வென்ட் பாடசாலையில். பெண்கள் மட்டுமே கொண்ட இசைக்குழுவில் கிற்றார் வாசித்தார், விவாதங்களில் பங்குபற்றினார். தாம்பரத்திலுள்ள சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் பௌதிகவியல், இரசாயனவியல், கணிதம் படித்தார். அங்கே கிரிக்கெட்டும் விளையாடினார். 1976இல் கல்கத்தா இந்திய முகாமைத்துவ நிறுவனத்தில் பட்டப்பின் டிப்ளோமா பெற்றார். மாணவியர் மிகச் சிலரே அக்காலத்தில் அங்கு இருந்தனர்.

சென்னையில் மெட்டூர் பியர்ட்செல் துணிக் கம்பனியில் சிறிது காலம் பணியாற்றிய பின், பம்பாயில் ஜோன்சன் அன்ட் ஜோன்சன் நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே அவருக்குக் கிடைத்த வேலை ஸ்டேஃப்ரீ என்ற மாதவிடாய்த் துண்டுகளை இந்தியச் சந்தையில் அறிமுகப்படுத்துவது. பத்திரிகையில் வெளிப்படையாக விளம்பரம் செய்யவும், கடையில் கூச்சமின்றி வாங்கவும் முடியாத பொருள் அது. ஆகவே அவர்கள் பாடசாலைகளுக்கும் கல்லூரிகளுக்கும் நேரில் சென்று மாணவிகளிடமே விளக்க வேண்டியிருந்தது. அந்தப் பேச்சை வகுப்பறையில் எடுப்பது எத்தனை கடினம் என்பதைப் பெண்கள் பாடசாலையில் படித்த எவருக்கும் சொல்ல வேண்டியதில்லை. மருத்துவத் துறையில் இருக்கும் எமக்கு, இன்றும் தோட்டப் பகுதிகளில் சில பிள்ளைகள் அந்நாட்களில் பாடசாலைக்கு வராமல் இருப்பதைக் காணும்போது, அவருடைய அந்த முதற்பணி சாதாரணமானதாகத் தெரியவில்லை.

1978இல் அவர் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். மணமாகாத பெண்ணைத் தனியே கடல் கடந்து அனுப்ப அக்காலத்து மயிலாப்பூர், தியாகராய நகர்க் குடும்பங்கள் எளிதில் உடன்படமாட்டா. பெற்றோர் உடன்பட்டார்கள். படிப்புச் செலவைச் சமாளிக்க மாணவர் விடுதியின் வரவேற்பு மேசையில் நள்ளிரவிலிருந்து விடியும்வரை வேலை செய்தார். அந்த நேரத்துக்குச் சம்பளம் சற்றுக் கூட. நேர்முகப் பரீட்சைக்கு மலிவு விலையில் வாங்கிய, அளவு பொருந்தாத கோட் உடுப்போடு சென்று கூசிப்போன அவரிடம், ஊரில் இப்படியான இடத்துக்கு எதை உடுப்பாய் என்று கேட்டார் தொழில் வழிகாட்டலுக்குப் பொறுப்பானவர். சேலை என்றார் இந்திரா. அடுத்த நேர்முகப் பரீட்சைக்குச் சேலையிலேயே சென்றார், வேலை கிடைத்தது.

ஏணியின் படிகள்

1980இல் யேல் படிப்பை முடித்து பொஸ்டன் கொன்சல்டிங் குரூப் என்ற ஆலோசனை நிறுவனத்தில் சேர்ந்தார். அதே ஆண்டு ராஜ் நூயி அவர்களை மணந்தார். ஆறு ஆண்டுகள் அங்கே பணியாற்றினார். பின்னர் 1986 முதல் மொட்டோரோலாவிலும், 1990 முதல் ஏபிபி நிறுவனத்திலும் மூலோபாயப் பிரிவுகளில் உயர் பதவிகள் வகித்தார். 1994இல் பெப்சிகோ அவரை மூலோபாயத்துக்குப் பொறுப்பான சிரேஷ்ட உப தலைவராக அழைத்தது.

அப்போது பெப்சிகோ என்பது குளிர்பானம், பொரியல் வகைகள், உணவகங்கள் என்ற மூன்று தொழில்களின் கூட்டு. பீட்சா ஹட், கே.எப்.சி., டாக்கோ பெல் ஆகிய உணவகங்கள் யாவும் அதன் கையில் இருந்தன. உணவகம் நடத்துவது வேறு தொழில், கட்டடங்களிலும் ஆட்களிலும் பெருந்தொகை முடங்குகிறது, இலாபம் மெலிவு. மாதக்கணக்கில் கணக்குப் பார்த்தபின் உணவகங்களைப் பிரித்துத் தனிக் கம்பனியாக்கும் முடிவுக்கு நிர்வாகம் வந்தது. அந்த ஆய்வில் முக்கிய பங்கு இந்திராவுடையது. 1997இல் பிரிவு நிகழ்ந்தது. 1998இல் ட்ரொப்பிக்கானா பழரசக் கம்பனி 3.3 பில்லியன் டொலருக்கு வாங்கப்பட்டது. 2001இல் சுமார் 13 பில்லியன் டொலர் பெறுமதியான உடன்படிக்கையில் குவேக்கர் ஓட்ஸ் நிறுவனம் பெப்சிகோவுடன் இணைந்தது. காலை உணவுக்கான ஓட்ஸும், விளையாட்டு வீரர்கள் அருந்தும் கேட்டரேட் பானமும் அதன் வழியே கம்பனிக்கு வந்தன.

அதே 2001இல் அவர் கம்பனியின் தலைவராகவும் பிரதம நிதி அதிகாரியாகவும் ஆனார். 2006 ஒக்டோபரில் பிரதம நிறைவேற்று அதிகாரி. 2007இல் பணிப்பாளர் சபையின் தலைவர். அதே ஆண்டில் இந்திய அரசு பத்மபூஷண் விருதளித்தது. 2006இல் சுமார் 35 பில்லியன் டொலராக இருந்த கம்பனியின் வருட வருமானம் 2017இல் 63.5 பில்லியன் டொலர். 2018 ஒக்டோபரில் ரமோன் லகுவார்த்தாவிடம் பொறுப்பைக் கையளித்து அவர் விலகினார்.

இவ்வெண்களை எடுத்துச் சொல்லக் காரணம் உண்டு. பெண் தலைவர்களைப் பற்றி எழுதும்போது அவர்களின் பொறுமையையும் புன்னகையையும் பாராட்டிவிட்டு, அவர்கள் பார்த்த கணக்கை விட்டுவிடுவது வழக்கம். எதை விற்பது, எதை வாங்குவது, எந்தப் பணத்தை எங்கே போடுவது என்று தீர்மானிக்கத் தெரிந்ததாலேயே அவர் அக்கதிரைக்கு வந்தார்.

வைத்தியரின் கண்ணில்

அக்கம்பனி விற்றது என்ன என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். சீனி கரைத்த பானமும் உப்புத் தூவிய பொரியலும். நீரிழிவு நோயாளர்களை நாள்தோறும் பார்க்கும் எமக்கு இதனை மறைத்துப் பாராட்டுரை எழுத மனம் வராது. மாத்தளைச் சாய்ப்பாட்டுக் கடையிலும் தோட்டத்துச் சில்லறைக் கடையிலும் வண்ணப் போத்தல்கள் நிறைந்திருக்கின்றன. எமது நாட்டில் 2016 முதல் குளிர்பானப் போத்தல்களில் சீனியின் அளவைச் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறங்களால் காட்ட வேண்டும் என்ற விதி வந்தது. 2017இல் சீனி அளவுக்கேற்ப வரியும் வந்தது. அவை தேவையாக இருந்ததே எமது நிலைமையைக் காட்டும்.

இந்திரா இப்பிரச்சினையை அறியாதவரல்லர். பதவியேற்றதும், இலாபத்தோடு நோக்கமும் வேண்டும் என்ற கொள்கையை முன்வைத்தார். பானங்களில் சீனியையும் பொரியலில் உப்பையும் கொழுப்பையும் குறைத்தல், சத்துள்ள உணவுகளின் பங்கைக் கூட்டுதல், நீரையும் மின்சாரத்தையும் சிக்கனப்படுத்தல், ஊழியர்களைப் பேணுதல் என்பன அதன் கூறுகள். முதலீட்டாளர் சிலர் சினந்தனர். கம்பனியின் வேலை பானம் விற்பது, உபதேசம் செய்வதல்ல என்றனர். 2010இல் அமெரிக்கச் சந்தையில் பெப்சி பானம் கோக்கிற்கும் டயட் கோக்கிற்கும் பின்னால் மூன்றாம் இடத்துக்கு இறங்கியபோது விமர்சனம் கூடியது. பின்னர் நெல்சன் பெல்ட்ஸின் ட்ரையன் நிதியம், பானத் தொழிலையும் பொரியல் தொழிலையும் இரண்டாகப் பிரிக்கும்படி பல மாதங்கள் அழுத்தம் கொடுத்தது. அவர் இணங்கவில்லை, கம்பனி பிரியவும் இல்லை.

இந்தியாவிலும் சோதனை இருந்தது. குளிர்பானங்களில் பூச்சிகொல்லி எச்சங்கள் உள்ளதாக டில்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2003இலும் 2006இலும் அறிக்கை வெளியிட்டது. 2006இல் கேரள அரசு பெப்சி, கோக் இரண்டையும் தடை செய்தது. அத்தடையை நீதிமன்றம் அடுத்த மாதமே நீக்கியது. இந்தக் கொந்தளிப்பின் நடுவிலேதான் ஒரு தமிழ்ப் பெண் அக்கம்பனியின் தலைவரானார். அவருடைய கொள்கை சீனிப் பானத்தை மருந்தாக்கிவிடவில்லை. எனினும், தான் விற்கும் பொருளின் தீங்கைப் பங்குதாரர் முன்னிலையில் பேச ஒரு தலைவர் முன்வந்தது அன்றைய வணிக உலகில் அரிது. இரண்டையும் சேர்த்தே நாம் பதிவு செய்கிறோம்.

வீட்டுக் கணக்கு

இனி எமது கேள்விக்கு வருவோம். இந்தக் காலம் முழுவதும் வீட்டை யார் பார்த்தார்கள்?

1980களின் தொடக்கத்தில் அவருடைய தந்தைக்குப் புற்றுநோய் கண்டது. அப்போது அவர் பணியாற்றிய ஆலோசனை நிறுவனம், ஆறு மாதம் வரை சம்பளத்துடன் விடுமுறை எடுக்கலாம் என்று அறிவித்தது. தந்தையின் இறுதி நாட்களை அவர் உடனிருந்து கழித்தார். அந்த விடுமுறை கிடைத்திராவிட்டால் வேலையை விட்டிருக்க வேண்டும் என்று பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். 1986இல் பாரிய வாகன விபத்தில் காயமடைந்து நீண்ட நாள் சிகிச்சை பெற்றபோதும் அதே நிறுவனம் கைவிடவில்லை. அமெரிக்காவில் ஊழியர் எல்லோருக்கும் சம்பளத்துடன் கூடிய பிரசவ விடுமுறையை உறுதிசெய்யும் கூட்டாட்சிச் சட்டம் இன்றுவரை இல்லை. 1993ஆம் ஆண்டுச் சட்டம் தருவது 12 வாரங்கள், அதுவும் சம்பளமின்றி. ஆகவே அவருக்குக் கிடைத்தது உரிமையல்ல, ஒரு நல்ல மேலதிகாரியின் தயவு.

இரு பெண்பிள்ளைகள் பிறந்தார்கள். மூத்தவர் பிறந்தது 1984இல். தாயாரும், இரு பக்கத்து உறவினரும் இந்தியாவிலிருந்து முறைவைத்து வந்து தங்கிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார்கள். கணவர் தம் வேலைகளை அதற்கேற்ப மாற்றிக்கொண்டார். பிள்ளை அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்து விளையாட்டுக்கு அனுமதி கேட்டால், வீட்டுப்பாடம் முடிந்ததா என்று விசாரித்து அனுமதி கொடுப்பது அலுவலகச் செயலாளரின் வேலைகளுள் ஒன்றாயிற்று. மகளின் பாடசாலையில் தாய்மாருக்கான கோப்பி வேளை வார நாளில் காலையில் நடக்கும், இவரால் போகமுடியாது. வேறு எந்தத் தாய்மார் வரவில்லை என்று விசாரித்துப் பட்டியல் வைத்திருந்து, நான் மட்டுமல்ல என்று மகளுக்குச் சொன்னதாக அவரே கூறியிருக்கிறார்.

பால் வாங்கிய கதை பலருக்கும் தெரியும். கம்பனியின் தலைவராகப் போகிறோம் என்ற செய்தியோடு இரவு வீடு திரும்பிய மகளிடம், முதலில் போய்ப் பால் வாங்கி வா என்றார் தாயார். கணவர் முன்னரே வீட்டில் இருந்தார். அவர் களைத்திருப்பார் என்று அவரை அனுப்பவில்லை. பால் வாங்கி வந்தபின், அந்தக் கிரீடத்தை வாகனக் கொட்டகையில் வைத்துவிட்டு உள்ளே வா என்ற கருத்துப்படத் தாயார் பேசினார். இக்கதை பெண்ணின் பணிவுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுவதுண்டு. எமக்கு அது அப்படித் தோன்றவில்லை. அத்தாய் பார்த்துக்கொள்ளாதிருந்தால் அந்த மகள் அப்பதவிக்கு வந்திருக்கமாட்டார். அதே தாயின் மனத்திலும் பால் வாங்குவது மகளின் வேலைதான். எம்மைத் தூக்கிவிட்ட அன்னையரிடம் இரண்டும் சேர்ந்தே இருந்தன.

இதனை இந்திரா மறக்கவில்லை. தலைமைப் பதவிக்கு வந்தபின் சென்னை வீட்டுக்குச் சென்றபோது, வந்தோர் எல்லோரும் தம்மை விட்டுத் தாயாரையே பாராட்டியதைக் கண்டார். அதன்பின் தம்முடன் பணியாற்றிய மூத்த அதிகாரிகளின் பெற்றோருக்கு, உங்கள் பிள்ளையை எங்களுக்குத் தந்தமைக்கு நன்றி என்று ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கில் கடிதம் எழுதினார். பெப்சிகோ தலைமையகத்தில் ஊழியரின் பிள்ளைகளுக்கான பராமரிப்பு நிலையமும் அமைந்தது. 2021இல் அவர் வெளியிட்ட தன்வரலாற்று நூலின் பிற்பகுதி தம் வெற்றியைப் பேசவில்லை. சம்பளத்துடன் கூடிய விடுமுறை, நேரத்தை வளைத்துக்கொள்ளும் வேலைமுறை, பிள்ளைகளையும் முதியோரையும் பராமரிக்கும் ஏற்பாடு ஆகிய மூன்றும் நாட்டின் பொறுப்பாக வேண்டும் என்று வாதிடுகிறது. தமக்கு வாய்த்த பாட்டனாரும் தாயாரும் கணவரும் நல்ல மேலதிகாரிகளும் எல்லாப் பெண்களுக்கும் வாய்க்கமாட்டார்கள் என்பதே அவருடைய வாதத்தின் மையம்.

தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவை அறிந்த நாம் இதனை வாசித்தபோது, எமது மலையில் எப்போதோ எழுதிய கணக்கு நியூயோர்க்கின் தலைமையகத்துக்கு இத்தனை தாமதமாகப் போய்ச் சேர்ந்ததே என்றுதான் நினைத்தோம்.

அலுவிஹாரையில் ஒரு பட்டறை

எமது மாவட்டத்திலேயே இன்னொரு வழியும் இருந்தது. மாத்தளை நகரிலிருந்து ஏ-9 வீதியில் வடக்கே சிறிது தூரம் சென்றால் அலுவிஹாரை. திரிபிடகம் ஏட்டில் எழுதப்பட்ட குகை விகாரையால் புகழ்பெற்ற அக்கிராமத்தின் குடும்பத்தில் 1922இல் பிறந்தவர் ஏனா த சில்வா. தந்தை சேர் ரிச்சர்ட் அலுவிஹாரை, இலங்கையரான முதலாவது பொலிஸ் மா அதிபர். கணவர் ஒஸ்மண்ட் த சில்வாவும் பொலிஸ் மா அதிபராக இருந்து 1959இல் பதவி இழந்தவர்.

1960களில் ஏனா பத்திக் துணித் தொழிலில் இறங்கினார். மகன் அனில் ஜயசூரிய, ஓவியர் லக்கி சேனாநாயக்க ஆகியோர் அவருடன் சேர்ந்து வேலை செய்தனர். கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா கட்டிய பென்தோட்டை ஹோட்டலின் வரவேற்புக் கூடத்து விதானத்தை அலங்கரித்தவை ஏனாவின் பத்திக் துணிகள். கோட்டேயில் 1982இல் திறக்கப்பட்ட பாராளுமன்றத்துக்கான கொடிகளும் அவர் தயாரிப்பே. கொழும்பில் பேர் பெற்ற தொழிலை நடத்திய அவர், 1980களில் அலுவிஹாரைக்குத் திரும்பி, கிராமத்தின் பெண்களைக் கொண்டே பத்திக், தையல் வேலைப் பட்டறையை நடத்தினார். மரவேலையும் பித்தளை வேலையும் அங்கே இடம்பெற்றன. ஊர்ச் சமையலை விருந்தினருக்கு வழங்கும் சமையற்கூடமும் இயங்கியது. 2015இல் தமது 93ஆவது வயதில் காலமாகும்வரை அவ்வூரிலேயே வாழ்ந்தார்.

அவர் வசதியும் செல்வாக்கும் உள்ள குடும்பத்தவர் என்பது உண்மை. எல்லோராலும் அப்படித் தொடங்க முடியாது. ஆனால் அவர் செய்த ஏற்பாட்டைக் கவனிப்போம். வேலையைக் கிராமத்துக்கே கொண்டுவந்தார். ஆடைத் தொழிற்சாலைக்காகக் கட்டுநாயக்கவுக்கும் கொழும்புக்கும் போகும் பெண், பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுச் செல்லவேண்டும். அல்லது மணமானதும் வேலையை விடவேண்டும். அலுவிஹாரைப் பெண்ணுக்குப் பட்டறை நடந்துபோகும் தூரத்தில் இருந்தது. இந்திரா நூயியின் வீட்டுக்கு உறவினர் பல்லாயிரம் மைல் கடந்து வந்தனர். இங்கே வேலையே வீட்டருகில் வந்தது. வீட்டுக்கும் வேலைக்கும் இடையிலான தூரத்தை யாரோ ஒருவர் குறைத்துக் கொடுத்தால்தான் பெண் தொழிலில் நிலைக்கிறாள் என்பதை இரு வரலாறுகளும் சொல்கின்றன.

அடுத்த நிரல்

எமது நாட்டில் கதவுகள் திறந்தே வருகின்றன. இலங்கை வங்கியின் முதல் பெண் பொது முகாமையாளராக ரோகிணி நாணாயக்கார பணியாற்றினார். 1948இல் தொடங்கிய ஹேமாஸ் குழுமத்தின் பிரதம நிறைவேற்று அதிகாரியாக 2020இல் கஸ்தூரி செல்லராஜா வில்சன் நியமிக்கப்பட்டார். பிரசவ சகாயச் சட்டம் இலங்கையில் 1939இலேயே இயற்றப்பட்டது. இன்று 84 நாட்கள் சம்பளத்துடன் விடுமுறை உண்டு. 2018 திருத்தத்தின்பின் மூன்றாம் பிள்ளைக்கும் அது குறையாது. இவ்விடயத்தில் அமெரிக்கத் தாயைவிட எமது தாய் சட்டத்தின் முன் வசதியானவள். ஆயினும் அந்த 84 நாட்களின் பின் பிள்ளையை யார் பார்ப்பது என்ற கேள்விக்குச் சட்டத்தில் விடையில்லை. ஆசிரியத் தொழிலை எமது பெற்றோர் எமக்காக விரும்பியதற்கு ஒரு காரணம், பிற்பகலில் வீட்டுக்கு வந்துவிடலாம் என்பதே. பட்டியலில் ஒரு நிரல் நிறைந்து மற்றொரு நிரல் வெறுமையானதன் இரகசியம் பெரும்பாலும் இதுதான்.

1983 ஜூலையில் மாத்தளை நகரின் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்தபின் எம்மவர் பலர் கொழும்புக்கும் சென்னைக்கும் லண்டனுக்கும் டொரொன்ரோவுக்கும் சிட்னிக்கும் சென்றார்கள். அந்தத் துயரத்தின் ஒரு விளைவாக, இன்று எமது பழைய மாணவிகள் இல்லாத பெருநகரம் அரிது. இதனைச் சங்கம் பயன்படுத்தலாம். உயர்தர வர்த்தகப் பிரிவில் படிக்கும் மாணவி ஒருத்தி கணக்கியல் அல்லது முகாமைத்துவப் பரீட்சைக்கோ பயிற்சி வேலைக்கோ கொழும்பு செல்லும்போது, நம்பித் தங்க ஒரு பழைய மாணவியின் வீட்டு அறை கிடைக்குமானால், பெற்றோர் மறுக்கமாட்டார்கள். கம்பனிகளில் பணியாற்றும் மூத்தவர்கள் மாதம் ஒரு மணித்தியாலம் தொலைபேசியில் வழிகாட்டினால் நேர்முகப் பரீட்சைப் பயம் குறையும். பிள்ளை பெற்றதும் வேலையை விட நினைக்கும் இளையவர்களுக்கு, ஒருவர் பிள்ளையை ஒருவர் பார்த்துக்கொள்ளும் ஏற்பாட்டை அந்தந்த நகரக் கிளைகள் செய்து கொடுக்கலாம். தொழில் நடத்தும் பழைய மாணவிகள் தம் இடத்தில் ஓர் அறையைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கினால், அது எந்த நன்கொடைக்கும் குறைந்ததல்ல.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வெறுமையான அந்த நிரல் உண்மையில் அத்தனை வெறுமையானதல்ல என்றே நம்புகிறோம். கணவர் மறைந்தபின் பலசரக்குக் கடையை எடுத்து நடத்தியவர்கள், வீட்டில் இரண்டு தையல் இயந்திரத்தோடு தொடங்கிப் பலருக்குச் சம்பளம் கொடுத்தவர்கள், மிளகும் கராம்பும் வாங்கிக் கொழும்புக்கு அனுப்பியவர்கள், வெளிநாட்டில் கம்பனி நடத்துபவர்கள் எம்மிடையே இருந்திருப்பார்கள், இருக்கிறார்கள். அவர்களை நாம் தொழிலதிபர் என்று எழுதாமல், இன்னாரின் மனைவி என்று எழுதியிருப்போம். அப்படி ஒருவரை அறிந்தவர்கள் அவருடைய பெயரையும், படித்த ஆண்டையும், செய்த தொழிலையும், அக்காலத்தில் அவருடைய பிள்ளைகளை யார் பார்த்துக்கொண்டார்கள் என்பதையும் சங்கத்துக்கு எழுதி அனுப்புங்கள். அடுத்த மலரில் அந்த நிரலை அவற்றோடு தொடங்குவோம்.